பசளைக்காரியின் வெற்றிலை

சிலர் தபால் முத்திரை சேர்ப்பார்கள். சிலர் தீப்பெட்டிப் படம் சேர்ப்பார்கள். நான் மனிதர்களின் பேச்சைச் சேர்த்தவன். ஏழாம் வகுப்போடு படிப்பை விட்ட எனக்கு, ரெயிலிலும் கடை வாசலிலும் காதில் விழுந்ததுதான் மிச்சப் படிப்பு. அந்தச் சேகரிப்பில் பாதி ஒரே ஒரு மனுஷியுடையது. கல்யாண வீடுகளிலும் வேலைத்தலத்திலும் அவருடைய பேச்சை எடுத்துவிட்டு எத்தனையோ பேரைச் சிரிக்க வைத்திருக்கிறேன். “ஆர் சொன்னது?” என்று யாராவது கேட்டால் மட்டும், “கொழும்பிலை ஒரு மனுசி” என்று சொல்லிவிட்டு வேறு கதைக்குத் தாவிவிடுவேன்.

அவருடைய பெயர் எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை. கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கை முழுவதும் அவரைப் ‘பசளைக்காரி’ என்றுதான் கூப்பிட்டது. நானும் அப்படித்தான் கூப்பிட்டேன்.

இரண்டாம் உலக யுத்தம் வருவதற்கு முந்தின வருஷங்கள் அவை. காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கைகளில் எங்களுடையதும் ஒன்று. அந்த நாளில் அங்கே ரோஜா வளர்ப்பது ஒரு வியாதிபோலப் பரவியிருந்தது. ஒல்லாந்தர் வழிவந்த பறங்கியர் வீட்டில் தொடங்கி எங்கள் யாழ்ப்பாணத்தார் வீடுகளுக்கும் தொற்றிவிட்டது. புதன்கிழமை காலையில் ஒற்றை மாட்டுக் கரத்தையொன்று ஒழுங்கைக்குள் திரும்பும். அதை ஓட்டி வருபவர் ஐம்பது வயதுப் பெண். அதுவே எங்கள் வீட்டுப் பெண்களுக்குப் பெரிய அதிசயம். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு சிலுவை, இடுப்பில் சேலைக்கு மேல் சுற்றிய சாக்கு, வாயில் சுருட்டு. கொட்டாஞ்சேனையில் ஒரு மாட்டுப்பட்டிக்குப் பின்னால் சாணத்தைக் குவியல் போட்டு மக்க வைத்துச் செடிக்குப் பசளை செய்பவர். அங்கிருந்து இவ்வளவு தூரமும் மாட்டுக்குப் பின்னால் வந்து சேர்வார். கரத்தையின் நடுவில் மக்கிய மாட்டெரு குவிந்திருக்கும். ஓரங்களில் சருகு மக்கு, புண்ணாக்குத் தூள், எலும்புத் தூள் என்று கூடைகள்.

வந்தவுடன் கொடுத்துவிட மாட்டார். கரத்தையை நிறுத்தி, குவியலின் நடுவில் முழங்கை வரை கையை விட்டு, முழு வெற்றிலை ஒன்றை உள்ளே வைத்து மூடுவார். பிறகு சக்கரத்தில் சாய்ந்து நின்று சுருட்டைப் பிடிப்பார். சுருட்டு முடிந்ததும் வெற்றிலையை வெளியே எடுப்பார். பச்சை மாறாமல் வந்தால் எரு ஆறிவிட்டது என்று அர்த்தம். வாடிக் கருகி வந்தால் இன்னும் சூடு இருக்கிறது, அன்றைக்கு யாருக்கும் பசளை இல்லை.

இதைப் பார்க்கவே ஒழுங்கையில் கூட்டம் கூடும். பச்சையாக வந்த வெற்றிலையை எங்கள் குழாயடியில் கழுவி, சுண்ணாம்பு தடவி, மடித்து வாயில் போட்டுக்கொள்வார். பெண்கள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, “ஐயோ, சீ!” என்று உள்ளே ஓடுவார்கள். அவர் மென்றுகொண்டே சொல்வார்:

“என் வாய்க்கு ஆகும்னாத்தான் ஒங்க ரோசா வாய்க்கு ஆகும். எரு குடிகாரன் மாதிரிங்க. தெளிஞ்ச பொறகுதான் வீட்டுக்குள்ள விடணும்.”

ஒரு தடவை பக்கத்து வீட்டுப் பறங்கிப் பெண்மணியின் மகனுக்குக் கல்யாணம் வந்தது. மேசைக்கெல்லாம் தன் தோட்டத்து ரோஜாதான் வேண்டும் என்று அந்த நோனா ஒற்றைக்காலில் நின்றார். அந்தப் புதன்கிழமை வெற்றிலை கருகி வந்தது. நோனா சிங்களத்தில் கெஞ்சினார், பிறகு ஆங்கிலத்தில் ஏசினார். இவர் இரண்டையும் முழுதாகக் கேட்டுவிட்டுக் கரத்தையை வந்த வழியே திருப்பினார். என்னைத் தாண்டிப் போகும்போது, “இன்னைக்கு மாடு காத்து வாங்க வந்திச்சு தம்பி, வேற ஒண்ணுமில்ல” என்றார். அவ்வளவு பாரத்தையும் அப்படியே கொட்டாஞ்சேனைக்குக் கொண்டுபோனார்.

நான் குடியிருந்தது ஒரு சேவையர் ஐயாவின் வளவில். நிலம் அளக்கும் உத்தியோகத்திலிருந்து ஓய்வுபெற்றவர். பெரிய வீட்டில் அவர், பின்னால் ஒட்டிக் கட்டிய இரண்டு அறைகளில் நானும் மனைவியும். ஐயா நல்ல சைவம். குடிவரும்போது அவர் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்றுதான்: “இந்த வளவுக்குள்ளை மச்சம் வரப்படாது. கருவாட்டுத் துண்டெண்டாலும் அண்டைக்கே நீர் சாமான் கட்டவேணும்.” வாசலில் அவருடைய ஒன்பது பன்னீர் ரோஜா மரங்கள். தினமும் காலையில் குளித்துவிட்டு வந்து, பூப் பறித்து, சாமிக்கு வைத்த பிறகுதான் தேத்தண்ணி குடிப்பார்.

பசளைக்காரிக்கு அது தெரியும். எலும்புத் தூள் தொட்ட கூடையை எங்கள் வாசல் படலைக்குள் கொண்டுவர மாட்டார். சைவ வீடுகளுக்கென்று வெள்ளைத் துணி கட்டிய கூடை ஒன்றைத் தனியாக வைத்திருந்தார். அது எதற்கு என்று நான் ஒருநாள் கேட்டேன்.

“பக்கத்து நோனா வீட்டு ரோசா எலும்பு கடிக்கும் தம்பி. ஒங்க ஐயா ரோசா சைவம். பந்தி மாத்தி எலை போடலாமா?”

எனக்குத் தோட்டம் பற்றி எதுவும் தெரியாது. ஆனால் அவர் வருகிற அன்று வாளியைத் தூக்கிக்கொண்டு நிற்பேன், அவர் வாயைக் கிளறுவதற்காக. மரத்தின்மேல் நான் தண்ணீர் ஊற்றினால், “தலையில ஊத்தாதீங்க தம்பி, ஞானஸ்நானமா குடுக்கிறீங்க?” என்பார். இன்னும் கொஞ்சம் பசளை போடுங்கள் என்றால், “ரோசாவுக்குப் பசியில்ல, ஒங்களுக்குத்தான் பசி” என்பார். புதன்கிழமை நான் வேலைக்குப் பிந்திப் போவதற்கு இதுதான் காரணம். புறக்கோட்டையில் ஓர் இரும்புக் கடையில் சாமான் எடுத்துக் கொடுக்கும் வேலை எனக்கு. முதலாளியிடம் ஒவ்வொரு புதனும் ஒரு பொய் சொல்லப் பழகியிருந்தேன். பொய் வாய்க்கு எவ்வளவு சுகமாக வரும் என்பது அங்கே படித்த பாடம்.

அந்த வருஷம் ஐப்பசியில் சேவையர் ஐயா மகளின் பிள்ளைப்பேற்றுக்கு யாழ்ப்பாணம் போனார். ஐந்து கிழமை. போகும்போது மரங்களை என்னிடம் ஒப்படைத்தார். “தம்பி, மரங்கள் நல்லா நிண்டால் நீரும் நல்லா நிப்பீர்” என்று சிரித்தார். அதில் பாதி பகிடி, மற்றப் பாதியை நான் விளங்கிக்கொண்டேன். அவருடைய மருமகன்முறையான ஒருவர் எங்கள் இரண்டு அறைகளிலும் கண் வைத்திருந்தார். என் மனைவிக்கு அப்போது ஏழு மாதம். வெள்ளவத்தையில் அந்த நிலையில் வேறு வீடு தேடி அலைவதை நினைக்கவே எனக்குப் பயமாக இருந்தது.

ஐயா திரும்பி வரும்போது மரமே தெரியாத அளவுக்குப் பூத்திருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். ஐயா வர இன்னும் இரண்டு கிழமை இருக்கும்போது பசளைக்காரி வந்தார். வெற்றிலை கருகி வந்தது.

“மழ பெஞ்சு குவியல் மறுபடி சூடேறிருச்சு தம்பி. மூணு கெழம பொறுங்க.”

“மூண்டு கிழமையோ? ஐயா அதுக்கு முந்தி வந்திடுவாரே!”

“ஐயா வருவாரு, போவாரு. செடி இங்கதான இருக்கு? அவசரம்னா கடைக்குப் போங்க, தோட்டத்துக்கு வராதீங்க.”

எனக்குக் கோபம் வந்தது. படித்தவன் என்ற திமிரும் வந்தது. ஏழாம் வகுப்புக்காரனுக்கும் அது வரும். இங்கிலிஷ் பேப்பரின் தோட்டப் பகுதியில், மீன் உரம் போட்டால் ரோஜா அள்ளிக் கொட்டும் என்று எழுத்துக் கூட்டி வாசித்திருந்தேன். அவர்கள் சொன்னது பதப்படுத்திக் காய வைத்த தூள். நான் கண்டது மீன் என்ற ஒன்றைத்தான். ஞாயிற்றுக்கிழமை ரெயில் பாதையைத் தாண்டிக் கடற்கரைக்குப் போனேன். கரைவலை இழுத்தவர்கள் எறிந்த குடலையும் செதிளையும் ஒரு வாளி நிறைய அள்ளி, மேலே தென்னோலைத் துண்டு போட்டு மூடிக் கொண்டுவந்தேன். நோனா வீட்டுக் கோழிக்கூட்டிலிருந்து பச்சை எச்சமும் ஒரு வாளி. ஒன்பது மரத்தின் அடியையும் தோண்டி, இரண்டையும் கலந்து போட்டு மூடினேன். சைவ வளவுக்குள், சாமிக்குப் பூக்கிற மரத்துக்கு, மீன் குடல். மண்ணுக்குள் போனால் எல்லாம் மண்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

“என்னப்பா, உங்கடை கையெல்லாம் மீன் மணக்குது?” என்று மனைவி கேட்டாள்.

“கடலடிக்குப் போனனான்” என்றேன்.

நாலாம் நாள் இலை ஓரங்கள் நெருப்புத் தணல் பட்டதுபோலக் கருகின. மொட்டுகள் கழுத்தொடிந்து தொங்கின. அந்தப் புதன்கிழமை கரத்தை வரவில்லை. பத்தாம் நாளைக்குள் ஆறு மரம் மொட்டைக் குச்சி. ஐயா செவ்வாய்க்கிழமை வந்து இறங்கினார். பேரன் பிறந்த சந்தோஷம் படலை வரைக்கும்தான் வந்தது.

“தம்பி! ஆர் போட்ட பசளை இது?”

யோசிக்கக்கூட இல்லை. “பசளைக்காரி தந்ததுதான் ஐயா. ஆறாத எருவைத் தந்திட்டுப் போட்டாள்.”

எந்தப் பொய்யைச் சொன்னேன் என்று பாருங்கள். அவர் தாமதமாக வந்தார் என்றோ, குறைவாகத் தந்தார் என்றோ சொல்லியிருந்தால்கூட ஒரு மாதிரி. அந்த மனுஷி செத்தாலும் செய்யாத ஒன்று எதுவோ, அதையே எடுத்து அவர் தலையில் வைத்தேன்.

மறுநாள் புதன்கிழமை.

கரத்தை திரும்பும் சத்தத்துக்கே ஐயா படலைக்குப் போய்விட்டார். அவர் போட்ட சத்தத்தில் அக்கம்பக்கத்து வீடுகளெல்லாம் வெளியே வந்தன. பசளைக்காரி கரத்தையிலிருந்து இறங்கி, சுருட்டை எறிந்துவிட்டு, கை கட்டி நின்று கேட்டார்.

“கோச்சுக்காதீங்க ஐயா. நான் குடுக்கவே இல்ல. வெத்தல கருகிருச்சு, திருப்பிக்கிட்டுப் போனேன். தம்பியக் கேளுங்க.”

“தம்பிதான் சொன்னவர்!”

“தம்பியா சொன்னாரு?”

அவர் என்னைப் பார்த்தார். நான் மாட்டைப் பார்த்தேன்.

“சரி, மண்ணு சொல்லும்” என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே வந்தார். கருகின மரமொன்றின் அடியில் முழங்காலிட்டு, கையாலேயே தோண்டி, ஒரு பிடி மண்ணை மூக்கருகில் கொண்டுபோனார். முகம் ஒரு கணம் மலர்ந்தது. இன்றைக்கும் அந்த மலர்ச்சியை நினைத்தால் எனக்கு உடம்பு கூசும். தன் பெயர் தப்பிவிட்டது என்று நினைத்துவிட்டார். எழுந்து வந்து ஐயாவிடம் உள்ளங்கையை விரித்தார். கறுத்த மண்ணில் இரண்டு மூன்று செதிள்கள் பளபளத்தன.

“பாத்தீங்களா ஐயா, மீனு! எங்கிட்ட ஏது மீனு? நாயும் பூனையும் கிண்டும்னு நான் எங்கயும் மீனு போடுறதில்ல. அதுவும் ஒங்க வீட்டுக்குப் போடுவனா?”

ஐயா இரண்டடி பின்னால் போனார். அவர் காதில் கடைசிக் கேள்வி விழவே இல்லை.

“மீனோ? சாமிக்கு வைக்கிற பூவுக்கு மீனோ போட்டனி? அடியே பாவி, இத்தனை வருஷமாய் இதையோ கொட்டினனி?”

ஒழுங்கை முழுக்க ‘மீன், மீன்’ என்று ஓடியது. எதிர்வீட்டு அம்மா வயிற்றில் அடித்துக்கொண்டு, “ஐயோ, நாங்களும் இந்தப் பூவைத்தானே கோயிலுக்குக் குடுத்தனாங்கள்” என்றார். பசளைக்காரியின் கை விரித்தபடியே நின்றது. இரண்டாம் தடவையாக என்னைப் பார்த்தார். ‘நான்தான் ஐயா’ என்று இரண்டு சொல் சொன்னால் போதும். சொன்னால் பொழுதுபடுவதற்குள் நானும் மனைவியும் பெட்டியோடு காலி வீதியில் நிற்போம். நான் சொல்லவில்லை.

“வெளியிலை போ. இந்த ஒழுங்கைக்குள்ளை இனிக் காலடி வைக்காதை” என்றார் ஐயா.

அவர் வெளியே போனார். மாட்டின் கயிற்றைப் பிடித்தவர், ஐயா உள்ளே போனதும், படலைக்கு வெளியே நின்றபடி தாழ்ந்த குரலில் என்னைக் கூப்பிட்டார். ஏசப் போகிறார் என்று நினைத்தேன். ஏசியிருந்தால் நல்லது.

“மேல் மண்ண நாலு விரக்கட எடுத்து வெளிய கொட்டிருங்க. மூணு நாளு காலையும் மாலையும் நெறையத் தண்ணி விடுங்க, அந்த உப்புக் கழியணும். சாம்பல் போட்டுராதீங்க, இன்னும் எரியும். கருகுன கொம்ப வெட்டிருங்க. அடில காஞ்ச வக்கோல் போடுங்க. தை மாசம் வரைக்கும் எருங்கிற பேச்சே வேணாம்.”

“அக்கா…” என்றேன். முதல் தடவையாக அப்படிக் கூப்பிட்டேன்.

“செடி என்னங்க பண்ணிச்சு?” என்று சொல்லிவிட்டுக் கரத்தையில் ஏறிவிட்டார்.

அவர் சொன்னபடி ஒன்றுவிடாமல் செய்தேன். அன்று மனைவி என்னோடு பேசவில்லை. கையில் மணந்த மீனை அவள் மறக்கவில்லை. மறுநாள் நானே வலிய, “உனக்காகத்தான்…” என்று தொடங்கினேன்.

“என்னைச் சாட்டாதேங்கோ” என்றாள். “நான் மரத்தடியிலையும் படுத்திருப்பன்.”

சைவ வீடுகள் எல்லாம் பசளைக்காரியை நிறுத்திவிட்டன. பறங்கி நோனா மட்டும் அவரை விடவில்லை. ஆனால் ஒரு வீட்டுக்காகக் கொட்டாஞ்சேனையிலிருந்து மாட்டை ஓட்டி வர முடியுமா? இரண்டு புதன்கிழமை வந்தார், ஒழுங்கை முனையிலேயே கரத்தையை விட்டுவிட்டுக் கூடையைத் தலையில் சுமந்துகொண்டு. அதன்பிறகு வரவில்லை.

கார்த்திகை முடிவில் ஆறு மரத்தில் ஐந்து துளிர்த்தது. மகனும் பிறந்தான். ஐயா என் முதுகில் தட்டி, “தம்பிக்குக் கை ராசி” என்றார். அந்தத் தட்டு என்னால் தாங்க முடியாமல் போயிற்று. அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோட்டைக்கு ரெயிலில் போய், டிராமில் ஏறி, இறங்கி நடந்து, விசாரித்துக்கொண்டு அந்த மாட்டுப்பட்டியைக் கண்டுபிடித்தேன். பெயர் தெரியாமல் ஒருவரை விசாரிப்பது எவ்வளவு வெட்கம் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. “பசளை செய்யிற அம்மா” என்று கேட்டுக் கேட்டுப் போனேன்.

பட்டிக்குப் பின்னால் நாலு குவியல் இருந்தது. எல்லாம் ஆறிக் கறுத்து, தேயிலைத் தூள்போல உதிர்ந்து, எடுக்க ஆளில்லாமல் கிடந்தது. ஒன்றின்மேல் பூசணிக்கொடி தானாக முளைத்துப் படர்ந்திருந்தது. அவர் மண்வெட்டியால் ஐந்தாவது குவியலைப் புரட்டிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் நிறுத்தவில்லை.

“செடி பொழச்சுதா?”

“ஐஞ்சு பிழைச்சிட்டுது. ஒண்டு செத்துப்போச்சு.”

“அந்த மூலையில இருக்கிறதா? அதுக்கு முன்னமே வேர்ல பூச்சி.” மண்வெட்டி போய்க்கொண்டே இருந்தது.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். கடற்கரை, வாளி, கோழி எச்சம், வீடு போய்விடும் என்ற பயம், ஏழு மாதம். சொல்லச் சொல்ல எனக்கு அழுகை வந்தது. கொஞ்சம் சுகமாகவும் இருந்தது என்பதை மறைக்கக் கூடாது. நான் முடிக்கும் வரை அவர் புரட்டினார். பிறகு மண்வெட்டியை ஊன்றி நின்றார்.

“இத ஏன் எங்கிட்ட வந்து சொல்றீங்க? எனக்குத்தான் தெரியுமே. அன்னைக்கே தெரியும்.”

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

“தெரியாதவங்ககிட்டப் போய்ச் சொல்லுங்க தம்பி. பதினோரு வருசம் அந்த ஒழுங்கைக்கு வந்தேன். அங்க உள்ள நாய்கூட என்னப் பாத்தா வால ஆட்டும். இப்ப அங்க நான் சாமிப் பூவுல மீன் போட்டவ. எங்கிட்ட அழுதா அது போயிருமா?”

“சொல்லுறன் அக்கா. இண்டைக்கே சொல்லுறன்.”

“சொல்லுங்க” என்றார். நம்பினாரா என்று தெரியவில்லை. உட்காரச் சொல்லவில்லை, தண்ணீர் வேண்டுமா என்று கேட்கவில்லை. திரும்பவும் புரட்டத் தொடங்கினார். நான் தெருவுக்கு வரும்வரை அந்த மண்வெட்டிச் சத்தம் கேட்டது.

டிராமிலும் ரெயிலிலும் சொல்ல வேண்டியதை மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். ‘ஐயா, அந்த மனுசி செய்யேல்லை. மீன் போட்டது நான்.’ அவ்வளவுதான். வெள்ளவத்தை ஸ்டேஷனில் இறங்கும்போது துணிவாகத்தான் இருந்தேன். ஒழுங்கைக்குள் திரும்பும்போதும் துணிவாக இருந்தேன். பின்னேரம். படலையடியில் சேவையர் ஐயா நின்றார். எதிர்வீட்டு அம்மாவும் நின்றார். பிழைத்த மரமொன்றில் முதல் மொட்டு தலைகாட்டியிருந்தது. அதைக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தார்கள். உள்ளே என் மகன் அழும் சத்தமும், மனைவி அவனைத் தாலாட்டும் சத்தமும் கேட்டன.

“வாரும் தம்பி, வாரும்” என்று ஐயா முகமெல்லாம் சிரிப்பாகக் கூப்பிட்டார். “இப்பதான் உம்மைப் பற்றிக் கதைச்சனாங்கள். பாத்தீரே, அவளை நிப்பாட்டின பிறகு மரம் எப்பிடித் துளிர்க்குதெண்டு? எல்லாம் அவள் செய்த அநியாயம். என்ன, நான் சொல்லுறது சரிதானே?”

எதிர்வீட்டு அம்மாவும் என் முகத்தைப் பார்த்தார்.

“ஓம் ஐயா” என்றேன்.